பெரியம்மா, நான்கு பாகம்தான் இருக்கிறது

அன்புள்ள பெரியம்மா,

அண்ணன் இதை ஃபோனில் திறந்து உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். மெதுவாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கடிதம் என்றால் உனக்கும் எனக்கும்தானே, எதற்கு ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். வாழ்நாளெல்லாம் படித்துவிட்டுக் கண் மங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கண்ணிலும் இது படட்டும் என்றுதான்.

போன வாரம் பேசும்போது இரண்டு விஷயம் சொன்னீர்கள். "அந்த நோட்டை இனிமே நீயே வச்சுக்க, எனக்கு எதுக்குடி லிஸ்டு" என்றீர்கள். அப்புறம், அடுத்த தடவை மன்னார்குடிக்கு வரும்போது அம்மாச்சி தைத்து வைத்த பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் எடுத்து வரச் சொன்னீர்கள். படிக்க முடியாவிட்டாலும் மடியில் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும் என்றீர்கள். இரண்டுக்கும் "சரி பெரியம்மா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

முதலில் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இப்போது என் மேஜைமேல்தான் இருக்கிறது. மூன்று நோட்டுகள், சணல் கயிற்றால் கட்டியவை. முதல் பக்கத்தில் 1971 என்று போட்டு, "படிக்க வேண்டியவை" என்று எழுதி அடிக்கோடு இழுத்திருக்கிறீர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். 614 பெயர்கள். அதில் டிக் அடித்தவை 371. புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை யார் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "தபால்காரர் சொன்னது." "திருவாரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர்." "ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டில் அம்மா, முடிவை மட்டும் சொல்லவில்லை." நீங்கள் வாசலைத் தாண்டிப் போன இடங்கள் குறைவு. கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டைகூடப் பெரியப்பா பெயரில்தான் இருந்தது. அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் புத்தகத்தை மாற்றிக்கொண்டு வருவான். ஆனால் அந்த நோட்டைப் புரட்டினால் நீங்கள் எத்தனை பேரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

தாத்தா ஒரு மாட்டுவண்டியைப் பற்றிச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. அப்போது தாத்தா சின்னப் பையன். வண்டியின் பின்னாலேயே ஓடினாராம். அந்த முயற்சிக்குத் துணை நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் என்று நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். அதன் வழியாக வந்ததுதான் உங்கள் கிளை நூலகமும். தாத்தா ஓடின வண்டிதான் சுற்றிச் சுற்றி உங்கள் வீட்டு முற்றத்துக்கும் வந்து நின்றது என்று எனக்குத் தோன்றும்.

அப்படிப்பட்ட நோட்டை மூடச் சொல்கிறீர்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, பெரியம்மா.

போன வருஷம் நான் ராத்திரி ராத்திரி ஃபோனில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்துக் காட்டினேன் அல்லவா? அதில் ஒரு இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னீர்கள். 1880. கும்பகோணத்துக்கு முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் பார்க்கப் போகிறார். கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் இருபத்தைந்து வயது வாத்தியார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பெரிய பட்டியல். கேட்டவர் அசையவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை.

அந்த இடத்தில் நீங்கள் "மூணே மூணு பேருதான்டி" என்றீர்கள். உங்கள் குரல் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மூன்றில் சீவக சிந்தாமணியை அவர் அச்சில் கொண்டு வந்தது 1887-ல். சிலப்பதிகாரம் 1892. மணிமேகலை 1898. பதினெட்டு வருஷம். நடுவில் புறநானூறும் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் யாரோ சொன்ன மூன்று பெயர்கள் ஒரு மனிதரின் வாழ்க்கையை இழுத்துக்கொண்டு போயின. அவர் படித்து முடித்திருந்த அந்த நீளமான பட்டியல் அதைச் செய்யவில்லை.

டிக் விழாத அந்த 243 பெயர்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். நீங்கள் அதைப் பாக்கி என்கிறீர்கள். கடன்காரி மாதிரி பேசுகிறீர்கள். தயவு செய்து அப்படிப் பேசாதீர்கள்.

என் வீட்டிலும் இப்போது இதே கதைதான். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். சின்னவன் நுழைந்த பத்து நிமிஷத்தில் காமிக்ஸ் வாங்கி முடித்துவிட்டு, மீதி நேரம் எல்லாம் தரையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறான். உங்கள் மாப்பிள்ளைக்குப் பயணக் கட்டுரைகள். வாங்கும்போதே அங்கே எந்த ரயிலில் போவது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். பெரியவளுக்குப் போன வருஷம் வரை ஆங்கிலத்தில் வரும் மாயாஜாலக் கதைகள் தவிர எதுவும் பிடிக்காது. நான் வற்புறுத்தவில்லை. நீங்கள் என்னை எதற்கும் வற்புறுத்தியதில்லை. நாம் படிப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பதை உங்கள் வீட்டு ஊஞ்சலில்தான் கற்றுக்கொண்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறோம். குழந்தைகள் பிரிவில் ஒரு பெரிய செயற்கை மரம் இருக்கிறது. அதன் அடியில் சின்னவன் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம்.

ஆனால் பெரியவளைத் தமிழுக்கு இழுத்து வந்தது நானோ நூலகமோ இல்லை. நீங்கள்தான். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, உங்களுக்குப் படித்துக் காட்ட அவளை உட்கார வைத்தேன். கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் ஒன்று. ஒன்றரைப் பக்கக் கதைக்கு அவளுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ழ"வை "ள" என்று சொன்ன இடத்திலெல்லாம் நீங்கள் அதட்டாமல் அந்த வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னீர்கள். அவளும் திருப்பிச் சொன்னாள். முடித்ததும் அவள் கேட்ட கேள்வி: "பாட்டி, அடுத்த கதை நாளைக்கா?" அந்த வாரம் முழுக்க அவள்தான் படித்தாள். இப்போது அவளே உங்கள் மூன்றாம் நோட்டில் நான்கு பெயர் எழுதியிருக்கிறாள். பக்கத்தில் யார் சொன்னது என்றும் எழுதியிருக்கிறாள். ஒன்றில் "மன்னார்குடிப் பாட்டி, ஃபோனில்" என்று இருக்கிறது. அதனால் நோட்டை மூட முடியாது. அது இப்போது உங்களுடையது மட்டும் இல்லை.

சரி, இனி இரண்டாவது விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அம்மாச்சியின் பொன்னியின் செல்வனில் மூன்றாம் பாகம் இல்லை, பெரியம்மா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது.

அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் இருந்தோம். டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் வந்தது. பெரியவளுக்கு மூன்று வயது. அவளைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். நான்கு பாகங்கள் பரணில் இருந்தன, தப்பித்தன. மூன்றாவதை நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பரணில் வைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். வைக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தபோது மொத்தமும் ஒரே கட்டியாக இருந்தது. பத்திரிகைத் தாள் அல்லவா, பக்கங்கள் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டுவிட்டன. எங்கெங்கே பிரிந்ததோ அங்கெல்லாம் செய்தித்தாளை வைத்து, கரண்ட் வந்ததும் ஃபேனுக்குக் கீழே விரித்தேன். நான்கு நாள் தாளை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் மைதாப் பசை போட்ட முதுகுப் பக்கம் பச்சையாகப் பூத்துவிட்டது. நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டே படம் படமாகப் பார்ப்பீர்களே, மணியம் வரைந்தவை, அதில் ஒன்றைக்கூட என்னால் முழுதாகப் பிரிக்க முடியவில்லை.

அது வெறும் புத்தகம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருஷம் சொல்ல வாய் வரவில்லை. 1950-ல் தொடர் ஆரம்பித்தபோது மூன்று வீட்டுக்குச் சேர்த்து ஒரு கல்கி பத்திரிகை வந்தது என்றும், பக்கங்கள் யாருக்கு என்ற சண்டையில், கடைசியாகப் படிக்கிறவர்களுக்கே என்று முடிவானது என்றும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாச்சி கடைசி முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்து என்ன ஆச்சு என்று தெரியாமல் தெருவே பேசுவதைக் காதைப் பொத்திக்கொண்டு, மூன்றரை வருஷம், ஒவ்வொரு வாரமும் எல்லோருக்கும் பின்னால் படித்தார். அந்தப் பக்கங்களைச் சொந்தமாக்கிக்கொள்ள அவர் கொடுத்த விலை அது. நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்தப் பக்கங்களில்தான். அதில் ஒரு பாகத்தை நான் தொலைத்தேன்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். அட்டை. பழைய காலண்டர் அட்டையில் அம்மாச்சி காக்கித்தாள் ஒட்டி, "இரண்டு நாளில் திருப்பித் தரவும்" என்று எழுதியிருந்தாரே, அது காய்ந்து தப்பித்தது. எழுத்து கலங்கிவிட்டது, ஆனால் ஓரத்தில் கோணி ஊசி போட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஏழு ஓட்டைகள். நடுவில் இரண்டு மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. விரலுக்கு நன்றாகத் தெரிகிறது.

அதனால் ஒரு யோசனை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நாவல் முழுவதையும் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர்களுக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். உங்களுக்குக் கண் மங்க ஆரம்பித்த புதிதில் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தந்தது எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான். மூன்றாம் பாகம், கொலை வாள், 46 அத்தியாயங்கள். அதையும் அச்செடுத்துவிட்டேன். இப்போது உங்களுக்கு நடுப்பார்வை இல்லை, ஓரம் மட்டும்தான் தெரிகிறது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இது நீங்கள் படிப்பதற்கு இல்லை. பெரியவள் உங்களுக்குப் படித்துக் காட்ட.

தாள்கள் தயார். பைண்டிங் கடையில் கொடுத்தால் அரை நாளில் முடித்துத் தருவார்கள். ஆனால் பழைய அட்டையை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏழு ஓட்டையில் எதில் முதலில் ஊசி ஏற்ற வேண்டும், நடுவில் ஏன் இரண்டு நெருக்கம் என்பதெல்லாம் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடித்த உங்களுக்குத்தான் தெரியும். அதற்குக் கண் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறோம். நான்கு பாகம், ஒரு அட்டை, தாள்கட்டு, கோணி ஊசி எல்லாம் என் பையில் இருக்கும். சணல் கயிறு மட்டும் அண்ணனிடம் சொல்லி நம்ம கடைத்தெருவில் வாங்கி வையுங்கள். மெல்லிசாக, முறுக்கு உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்