பிரஷர் இருந்தால் சர்க்கரையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரையைப் படித்தேன். இனிப்பு, சோறு, நடைப்பயிற்சி எல்லாம் இருந்தன, இரத்தக் குழாயைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. சர்க்கரை முற்றினால் கண், சிறுநீரகம், கால் என்று குழாய்கள் கெடும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் குழாய் முன்னாலேயே பழுதுபட்டிருந்தால் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

குழாயின் உட்சுவரில் இருப்பது ஒரே அடுக்குச் செல்கள். அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயை விரிய வைக்கிறது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் இந்தச் சுவரைத் தாண்டித்தான் தசைக்குப் போக வேண்டும். பீடிப் புகையாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் சுவர் கெட்டால், இன்சுலின் தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். பிரஷர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

எங்கள் பல்லடம், சோமனூர் பக்கம் இராத்திரி ஷிப்டு, டீ, பீடி என்றுதான் பல தறிக்காரர்களின் பிழைப்பு ஓடுகிறது. அண்மையில் ஒரு மருத்துவ முகாமுக்குத் தறிக்குடோனிலிருந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஓர் அண்ணன் வந்தார். பிரஷர் 150/96. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "சர்க்கரையும் பார்த்துருங்கண்ணா" என்றேன். "நான் காப்பிக்கே சர்க்கரை போடறதில்லீங்க, எனக்கெதுக்குங்க?" என்று கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எடுத்துச் சொல்ல வேண்டியவர்களே சொல்லவில்லையே!

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, நல்ல காரியம். அதோடு, பிரஷர் என்று புதிதாகத் தெரியவரும் ஒவ்வொருவருக்கும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை, ஷிப்டு முடிந்து வருகிறவரும் கொடுக்கலாம். 5.7 முதல் 6.4 சதவீதம் வரை வந்தால் அது நோய்க்கு முந்தைய கட்டம். அப்போதே உணவையும் நடையையும் சரிசெய்து, பீடியையும் விட்டால் நோயைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ முடியும்.

தறிக்குடோன்களிலும் பனியன் கம்பெனிகளிலும் ஷிப்டு மாறும் நேரத்தில் இந்தப் பரிசோதனைக்கு முகாம் நடத்தச் சுகாதாரத் துறையைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பல்லடம்