இங்கிலாந்து இசைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல மேற்கத்திய சங்கீதம் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். பாக், மொசார்ட், பீத்தோவன் எல்லாரையும் அழகா எழுதியிருந்தாங்க, ஆனா இங்கிலாந்து பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் பன்னெண்டு வருஷமா இங்கிலாந்துலதான் இருக்கேன், அதனால மனசு கேக்காம எழுதுறேன். ஒரு காலத்துல ஜெர்மன்காரங்க இங்கிலாந்த 'இசை இல்லாத நாடு'ன்னே சொல்லுவாங்களாம், அந்தப் பேச்சு இன்னும் ஓயல போல.

போன கோடைல குளோஸ்டர் கதீட்ரல்ல ஒரு சாயங்காலக் கச்சேரிக்குப் போயிருந்தேன். முழுக்க வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ்தான், ஊதுறது தட்டுறது எதுவும் கிடையாது. எனக்குக் கிடைச்சது தூணுக்குப் பின்னாடி சீட். அந்தக் கோயில 1089ல கட்ட ஆரம்பிச்சாங்க, நார்மன் காலத்துக் கல்தூண், ரெண்டு பேர் கை கோத்தாலும் சுத்திப் பிடிக்க முடியாது. வாத்தியக் குழுவ நடத்துற கண்டக்டரோட இடது கை மட்டும் அப்பப்ப தெரியும், அவ்ளோதான். முகம் வாடிப்போச்சு எனக்கு. பக்கத்துல இருந்த வயசான அம்மா அதப் பாத்துட்டு, "கவலப்படாதம்மா, இந்தப் பாட்டுக்குக் கண்ணு வேண்டாம்"னு சொன்னாங்க.

இங்கிலாந்து கம்போசர் எல்கரோட செரினேட்ங்கற பாட்டு முதல்ல, நல்லா இருந்துச்சு. அடுத்து இன்னொரு இங்கிலாந்து கம்போசர் வான் வில்லியம்ஸோட 'டாலிஸ் ஃபேன்டேசியா'. இதப் பத்திதான் நான் எழுத வந்ததே. டாலிஸ்ங்கறவர் எட்டாம் ஹென்றி காலத்துலேர்ந்து எலிசபெத் ராணி காலம் வரைக்கும் அரண்மனைத் தேவாலயத்துல பாடினவர், 1567ல பேராயர் பார்க்கரோட பைபிள் சங்கீதப் (psalms) புத்தகத்துக்கு ஒன்பது மெட்டு போட்டுக் கொடுத்தார். அதுல மூணாவது மெட்ட, 1906ல வந்த ஒரு ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு இசை எடிட்டரா இருந்தப்ப வான் வில்லியம்ஸ் எடுத்துச் சேத்தார், அப்புறம் அது அவர விடல, அந்த மெட்ட வச்சு எழுதினதுதான் இந்த ஃபேன்டேசியா.

நம்ம வாசகர்களுக்கு இதுல ஒரு விஷயம் பிடிக்கும். அந்த மெட்டோட ஸ்வர வரிசைய எடுத்து வச்சா அது நம்ம கர்நாடக சங்கீதத்து ஹனுமத்தோடி, எட்டாவது மேளம், அதே ஸ ரி1 க2 ம1 ப த1 நி2. அதுக்காகத் தோடி ராகம் கேக்கும்னு போய் உக்காராதீங்க, ஸ்வரத்த அசைக்கிற கமகம் கிடையாது, சில இடத்துல அந்தர காந்தாரத்துல, அதாவது பெரிய காந்தாரத்துல போய் வெளிச்சமா முடியும். ஆனா அந்தச் சின்ன ரிஷபம் விழுறப்ப வயித்துல ஏதோ பண்ணும் பாருங்க, அது நமக்குத் தெரிஞ்ச வலிதான்.

வாத்தியக்காரங்கள மூணு பங்கா பிரிச்சிருக்கார். பெரிய குழு ஒண்ணு, ஒன்பது பேர் மட்டும் இருக்கற சின்னக் குழு ஒண்ணு, நாலு சோலோ. அந்த ஒன்பது பேர முடிஞ்சா தள்ளி உக்கார வைங்கன்னு அவரே எழுதி வச்சிருக்கார். பெரிய குழு ஒரு வரி வாசிச்சு நிறுத்தினதும் அதே வரி எங்கேயோ தூரத்துலேர்ந்து மெல்லிசா வருது, எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியல, தூண் மறைச்சிட்டுதே, கோயில்ல யாரோ முன்னாடியே பாடிட்டுப் போனது இப்பதான் வந்து சேருற மாதிரி இருந்துச்சு. ஒரு தனி வியோலா எழும்பி வந்தப்ப நான் தூண்ல கைய வச்சிட்டேன், ஜில்லுனு இருந்துச்சு. எல்லாரும் சேந்து வாசிக்கற கடைசி கார்டு (chord) முடிஞ்சு வில்லெல்லாம் மேல நிக்குது, சத்தம் மட்டும் மேல கல் வளைவுக்குள்ள இன்னும் இருக்கு, ஒருத்தரும் கை தட்டல, அது தேய்ஞ்சு போற வரைக்கும் அவ்ளோ கூட்டமும் மூச்ச பிடிச்சிட்டு உக்காந்திருந்துச்சு.

இது முதல்ல அரங்கேறினதும் அதே குளோஸ்டர் கதீட்ரல்லதான், 1910 செப்டம்பர் 6, மூணு கதீட்ரலோட பாடகர் குழுக்கள் (கொயர்) சேந்து நடத்துற த்ரீ கொயர்ஸ் விழாவுல, வான் வில்லியம்ஸே கண்டக்ட் பண்ணினார், அப்ப அவருக்கு 37 வயசு. அன்னிக்கு ஜனம் வந்தது எல்கர் கொயருக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதின 'ஜெரான்டியஸ்' கேக்கத்தான், இது அதுக்கு முன்னாடி வச்ச புதுப் பாட்டு. கூட்டத்துல ஹெர்பர்ட் ஹோவல்ஸ், ஐவர் கர்னின்னு ரெண்டு இளம் பசங்க இருந்தாங்க, ராத்திரி தூக்கம் வராம குளோஸ்டர் தெருவெல்லாம் நடந்தாங்களாம். பின்னாடி ரெண்டு பேருமே பேர் சொல்ற கம்போசர் ஆனாங்க. எனக்கும் அன்னிக்குத் தூக்கம் வரல, அதான் நம்புறேன்.

இத போன்ல கேட்டுட்டு 'ரொம்ப ஸ்லோ'ன்னு என் தம்பி சொன்னான். அவன் மேல தப்பில்ல. அந்தக் கல்லும் சேந்துதான் வாசிக்குது, கல்ல எடுத்துட்டா பாதிப் பாட்டு போயிடுது.

அடுத்த தடவ எழுதுறப்ப எல்கர், வான் வில்லியம்ஸ், ஹோல்ஸ்ட் மூணு பேருக்காவது இடம் கொடுங்க. ரிக் வேதப் பாட்டுகளுக்கு மெட்டு போடணும்னு சமஸ்கிருதம் படிச்சவர் ஹோல்ஸ்ட், அவர விடலாமா? அப்புறம் பிள்ளைங்களப் பாக்க இங்க வர்ற அப்பா அம்மாக்களுக்கு ஒண்ணு சொல்லிடுங்க, அந்த த்ரீ கொயர்ஸ் விழா வருஷா வருஷம் கோடைல குளோஸ்டர், ஹெரிஃபோர்ட், வூஸ்டர்னு மாறி மாறி நடக்கும், டிக்கெட் கிடைக்கலன்னாலும் கதீட்ரல்ல சாயங்கால ஆராதனைல கொயர் பாடும், அதுக்குக் காசு கிடையாது, யார் வேணா போய் உக்காரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்டன்ஹாம், இங்கிலாந்து