தண்ணீர் விட்டால் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் (தண்ணீரைக் காய்ச்சி, அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிடும் கேஸ் கருவி) பராமரிப்பு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: “அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கினால் நிரப்புக் குழாயைத் திறந்து தண்ணீர் விடுங்கள், வேலை முடிந்தது.” எழுதியவர் வீட்டுப் பாய்லர் நீடூழி வாழ்க.

எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க இதே வைத்தியம்தான் நடந்தது. வந்த மெக்கானிக் தண்ணீர் விட்டு, அழுத்தமானியின் முள்ளை ஒன்றரை பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிறுத்தி, கூலியை வாங்கிக்கொண்டு போவார். சில நாளில் முள் மறுபடி படுத்துவிடும். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயிலிருந்து, பாய்லர் ஓடும்போதெல்லாம் தண்ணீர் சொட்டியதை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வந்த வேறொருவர், சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியின் காற்று வால்வை (கார் டயரில் இருப்பது போன்றதுதான்) ஊசியால் அழுத்தினார். காற்று வரவேண்டிய இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையை நனைத்தது. உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. சூடான தண்ணீர் விரிய இடமில்லாமல் அழுத்தம் 3 பாரைத் தொடும். பாதுகாப்பு வால்வு திறந்து அந்தச் செம்புக் குழாய் வழியே வெளியே கொட்டும். ஆறியதும் முள் கீழே போகும். இது தண்ணீர் விட்டால் தீருகிற நோயா? விட விட, புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜன் போய் ரேடியேட்டரை அரிக்கும், அந்தத் துருச்சேறு, பாய்லருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் வெப்பமாற்றியை அடைக்கும். எப்போதோ ஒருமுறை நிரப்புவது வேறு, அடிக்கடி நிரப்புவது வேறு. தங்களுக்குத் தெரியாததல்ல.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு இதழில், கேஸ் வாடை வராதவரை பயமில்லை என்று போட்டீர்கள். கேஸுக்கு வாடையைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். புகைபோக்கி அடைத்து, கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரும். ஜலதோஷக் காய்ச்சல் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். அப்போதே எழுதினேன். அந்த மாதம் அட்டைப்படத்தைப் பாராட்டிய கடிதங்களுக்குத்தான் இடமிருந்தது. அட்டை அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

அதற்கும் முன்னால், பாய்லரின் வெப்பத்தை எப்போதும் உச்சத்திலேயே வைக்கச் சொன்னவரும் தங்கள் நிபுணர்தான். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். உச்சத்தில் வைத்தால் சூடு புகைபோக்கி வழியே போகும், பில் வாசல் வழியே வரும்.

சென்ற இதழ்க் கட்டுரைக்குப் போட்ட படத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒருவர் பாய்லரின் முன்மூடியைக் கழற்றிப் பர்னரைத் துணியால் துடைக்கிறார், சிரித்த முகத்தோடு. பல பாய்லர்களில் எரிந்த புகையை வீட்டுக்குள் விடாமல் தடுப்பதே அந்த மூடிதான். அதில் கை வைக்கத் தகுதிச் சான்று பெற்றவர் வேண்டும். முள்ளைக் கவனிப்பது, ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவது, வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுவது, இவ்வளவுதான் வீட்டுக்காரர் வேலை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம்: அழுத்தம் அடிக்கடி இறங்கினால் கசிவையும் விரிவுத் தொட்டியையும் சோதிக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தின் மூலையானாலும் சரி. படம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்