எட்டுப் புள்ளி போதுமா என்று கேட்டாயே

அன்புள்ள செல்வி,

உன் மெசேஜுக்கு நாலு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆனால் நீ கேட்ட கேள்வி, நான் மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் விஷயத்திலேயே வந்து இடித்துவிட்டது. அதனால்தான் கடிதம். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்.

முதலில் ஊர்க் கதை. கோமதி மகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, போனில் பேசிவிட்டேன். அவள் இன்னும் அந்த பிப்பெட் விவகாரத்தை மறக்கவில்லை. சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லிச் சிரித்தாளாம்! ராஜாராம் சார் கொடைக்கானலில் குடியேறிவிட்டார் என்று எழுதியிருந்தாய், அவர் நம்பர் அனுப்பு. எனக்கு முட்டி வலி பரவாயில்லை. மேரிலாண்டில் இந்த வருஷம் பனி கொஞ்சம்தான். அவ்வளவுதான் செய்தி.

சரி, உன் கேள்வி. கட்சிக்காரர் மேல் போட்டிருக்கும் வழக்கில் கைரேகை ரிப்போர்ட் ஒரே ஒரு பக்கம், ரேகையில் கோடு பிரிகிற, முடிகிற இடங்களை எண்ணி 'எட்டுப் புள்ளிகள் பொருந்துகின்றன, இருவரும் ஒருவரே' என்று முடித்துவிட்டார்கள், எட்டு போதுமா பன்னிரண்டு வேண்டாமா என்கிறாய். பதினெட்டு வருஷமாகக் கிரிமினல் கேஸ் நடத்துகிற நீயே எண்ணிக்கையைத்தான் கேட்கிறாய் என்றால், மற்ற வக்கீல்களைச் சொல்ல என்ன இருக்கிறது?

எண்ணிக்கையை விட்டுவிடு, செல்வி. இங்கிலாந்தில் பல பத்தாண்டுகள் பதினாறு புள்ளி என்று கறாராக வைத்திருந்தார்கள். 2001-ல் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் கைரேகை நிபுணர்களின் சங்கம் 1973-லேயே, இத்தனை புள்ளி இருந்தால் போதும் என்று சொல்ல அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று தீர்மானம் போட்டது. ஏனென்றால் புள்ளி என்பது கிடைத்த ரேகையில் அப்படியே உட்கார்ந்திருக்கிற பொருள் இல்லை. மங்கலான, அழுந்திய, ஒன்றின்மேல் ஒன்று விழுந்த கோடுகளில், 'இங்கே கோடு பிரிகிறது' என்று ஒருவர் பார்த்துத் தீர்மானிப்பது. அதே ரேகையில் நான் ஒன்பது பார்க்கலாம், பக்கத்து மேசைக்காரர் பதிமூன்று பார்க்கலாம்.

பிராண்டன் மேஃபீல்ட் வழக்கு உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இன்றைக்கே படித்துவிடு, அவரும் உன்னைப் போல வக்கீல்தான். 2004 மார்ச் 11-ல் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்தது. டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பையில் கிடைத்த ரேகையை ஸ்பெயின் போலீஸ் எஃப்பிஐ-க்கு அனுப்பியது. எஃப்பிஐ கம்ப்யூட்டரில் தேடியபோது வந்த பட்டியலில் ஓரிகன் மாநிலத்து மேஃபீல்டின் ரேகையும் இருந்தது. ஒரு நிபுணர் பார்த்துப் பொருந்துகிறது என்றார். இரண்டாமவர் சரிபார்த்தார், மூன்றாமவரும் ஆமோதித்தார். பதினைந்து புள்ளிகளுக்கு மேல் பொருந்துவதாகவும், நூறு சதவீதம் உறுதி என்றும் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட்டார்கள். கோர்ட் நியமித்த வெளி நிபுணர் ஒருவர்கூட அது அவருடைய ரேகைதான் என்றார். இத்தனைக்கும் ஸ்பெயின் போலீஸ் ஏப்ரல் மாதமே, இது பொருந்தவில்லை என்று எழுதிவிட்டது. கேட்டார்களா? மே 6-ல் மேஃபீல்டைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்த ரேகை அல்ஜீரியாக்காரர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான், மே 20-ல் வெளியே விட்டார்கள்.

உன் ரிப்போர்ட்டில் எட்டு. இதில் பதினைந்துக்கு மேல்! நாலு நிபுணர்கள் வேறு.

பிறகு அமெரிக்க நீதி அமைச்சகத்தின் உள் கண்காணிப்புப் பிரிவான இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரித்து எழுதிய நீண்ட அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம் ஒன்று உண்டு. அந்த ரேகைகள் இரண்டும் உண்மையிலேயே ரொம்ப ஒத்திருந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் பத்து இடம் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகு, மேஃபீல்டின் தெளிவான ரேகையில் இருப்பதை வைத்துக்கொண்டு, பையில் கிடைத்த மங்கலான ரேகையில் திரும்பப் போய்த் தேடியிருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும், செல்வி. மங்கலான இடத்தில் எதை எதிர்பார்க்கிறோமோ அது தெரியும். முதலாமவர் முடிவு தெரிந்தபின் சரிபார்க்க வருகிறவருக்கும் அதே கதிதான்.

இத்தியேல் ட்ரோர் என்ற உளவியலாளர் 2006-ல் இதைச் சோதித்துக் காட்டினார். அனுபவமுள்ள ஐந்து கைரேகை நிபுணர்களிடம் ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, இதுதான் மேஃபீல்ட் வழக்கில் தப்பாகப் போனது என்று சொன்னார்கள். உண்மையில் அவை, அவரவரே சில வருஷத்துக்கு முன்பு பொருந்துகிறது என்று முடிவு சொன்ன ரேகைகள். ஒருவர்தான் தன் பழைய முடிவில் நின்றார். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள், இன்னொருவர் சொல்ல முடியாது என்றார். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த தகவல்தான் மாறியது.

அதனால் நீ கேட்க வேண்டியது எத்தனை புள்ளி என்பதை இல்லை. சம்பவ இடத்து ரேகையைத் தனியாக வைத்துப் பார்த்து, அதில் தெரிவதையெல்லாம் குறித்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் சந்தேக நபரின் ரேகையைத் திறந்தார்களா? பிறகு ஏதாவது குறிப்பை மாற்றியிருந்தால், மாற்றியது தெரியும்படி வைத்திருக்கிறார்களா? சரிபார்த்தவருக்கு முதலாமவரின் முடிவு முன்கூட்டியே தெரியுமா? இருவரும் முரண்பட்டிருந்தால் அது எங்கே எழுதப்பட்டது? இவற்றுக்குப் பதில் ஒரு பக்க ரிப்போர்ட்டில் இருக்காது. நிபுணர் பார்க்கும்போதே எழுதிவைக்கிற மேசைக் குறிப்புகளில்தான் இருக்கும். அதைக் கேள்.

இப்போது என் செய்தி. மேலே எழுதியதெல்லாம், கைரேகை ஒப்பீட்டுக்குத் தர விதிகள் (ஸ்டாண்டர்டு) எழுதும் எங்கள் குழு தயாரித்த வரைவில் இருக்கிறது, அது போன வாரம் வாக்கெடுப்பில் தேறிவிட்டது! உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இவர் கேட்டுவிட்டு, 'இதுக்கா மூணு வருஷம்?' என்றார். ஆமாம், இதற்குத்தான்.

ஏன் இவ்வளவு காலம் என்று உனக்காவது புரிய வைக்கிறேன். 2009-ல் இங்கே தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஎன்ஏ ஒன்றைத் தவிர, தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்க முடியும் என்று வேறெந்தத் தடயவியல் முறையும் கறாராக நிரூபித்துக் காட்டவில்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் துறையில் அன்றைக்கு இருந்த கோபம் உனக்குத் தெரியாது. 2014-ல் நிஸ்ட் என்கிற தேசியத் தர நிறுவனம், தடயவியலுக்கு ஸ்டாண்டர்டுகளை உருவாக்க ஓசாக் என்ற அமைப்பைத் தொடங்கியது. கைரேகை, துப்பாக்கி, தீ விபத்து, போதைப்பொருள், டிஎன்ஏ, எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்குழு. நான் கைரேகையில் இருக்கிறேன்.

அதுவரை ஒரே கூரைக்கு அடியில் தனித்தனி அடுப்பு வைத்து ஆக்கிக்கொண்டிருந்தோம். டிஎன்ஏ வைத்து ஆளை அடையாளம் காணும் முறை பல்கலைக்கழகத்தில் பிறந்த பிள்ளை, 1984-ல் லெஸ்டரில் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தார். அவர்கள் நிகழ்தகவில் பேசுவார்கள். கைரேகையும் துப்பாக்கியும் காவல் நிலையத்தில் வளர்ந்தவை. நாங்கள் 'இவர்தான்' என்று சொல்லிப் பழகினவர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் அளப்பவர்கள் கூட்டல் கழித்தல் போட்டு அளவைச் சொல்வார்கள். ஜூரியில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரருக்கும் டீச்சருக்கும் இந்த மூன்றும் ஒரே எடையுள்ள அறிவியல்தான். அங்கேதான் ஆபத்து. எஃப்பிஐ தன் பழைய மயிர் ஒப்பீட்டு வழக்குகளைப் புரட்டிப் பார்த்து 2015-ல் சொன்னது: குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 விசாரணைகளில் 257-ல் நிபுணர்கள் அறிவியல் தாங்காத கூற்றுகளைச் சொல்லியிருக்கிறார்கள்.

டிஎன்ஏ-காரர்கள் தப்பித்தார்கள் என்று நினைத்துவிடாதே. 2013-ல் நிஸ்ட் கற்பனையாக ஒரு வங்கிக் கொள்ளையை உருவாக்கி, பலருடைய டிஎன்ஏ கலந்த மாதிரியை 108 லேப்களுக்குக் கொடுத்தது. அதில் சம்பந்தமே இல்லாத ஒருவரை 74 லேப்கள் சேர்த்துவிட்டன. ஆளுக்கொரு முறை, ஆளுக்கொரு விதி. இதைக் கேட்ட அன்று எங்கள் ஆட்கள் சிலர் உள்ளுக்குள் மகிழ்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அடிவயிறு கலங்கியது.

சரி, வேலை எப்படி நடக்கிறது? துணைக்குழு வரைவு எழுதும். புள்ளியியல்காரர்கள், உளவியல்காரர்கள், வக்கீல்கள் கொண்ட வேறொரு குழு அதைப் பிரித்து மேயும். பிறகு ஸ்டாண்டர்டு வெளியிடுகிற அமைப்புக்குப் போகும். அங்கே ஒரே தரப்புக்கு ஆதிக்கம் வராதபடி ஆட்களைச் சேர்த்திருப்பார்கள். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நிராகரித்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை, ஆனால் யாருடைய ஆட்சேபமும் கேட்கப்படாமல் போகக் கூடாது. எங்களுக்கு மலை போல வந்தது, செல்வி. ஏழைகளுக்கு வாதாடுகிற அரசு வக்கீல் ஒருவர் தனியாகப் பத்துப் பக்கம் அனுப்பியிருந்தார். அதில் பாதியாவது வரைவை உண்மையிலேயே மேம்படுத்தியது. அவரைப் படிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். அதே பிடிவாதம், அதே நுணுக்கம்.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர். முப்பது வருஷம் போலீஸில் கைரேகை பார்த்தவர். முதல் கூட்டத்தில், 'நான் ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை, என் சர்வீஸ் முழுக்கக் கேள்விக்குறியா?' என்று மேசையைத் தட்டினார். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அவர் வலி பொய்யில்லை. அவர் சாட்சியால் ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அவருக்கு அந்த எண்ணம் எப்படி இருக்கும்? அவருக்காகவே 2011-ல் வந்த எஃப்பிஐ ஆய்வை வரி வரியாகப் படித்தோம். 169 நிபுணர்கள் கலந்துகொண்டது. தப்பாகப் பொருத்தியது 0.1 சதவீதம், பொருந்துவதைப் பொருந்தவில்லை என்றது 7.5 சதவீதம். குறைவுதான், நல்ல திறமைதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதுவும் தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்று தெரிந்து பார்த்தபோது வந்த கணக்கு. போன வாரம் அந்தப் பெரியவர் ஆதரவாக வாக்களித்தார். பேசவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஆனால் எனக்கு ஒரு பெரிய கவலை இருக்கிறது, அதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். இதெல்லாம் வெறும் பரிந்துரை. ஓசாக் பட்டியலில் ஸ்டாண்டர்டு ஏறினாலும், கடைப்பிடி என்று எந்த லேபையும் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் கிடையாது. இங்கே 2014 கணக்குப்படி அரசுப் பணத்தில் நடக்கும் லேப்களே 409. லேபே இல்லாத சின்னச் சின்னப் போலீஸ் துறைகளில் ஒரே ஒருவர் உட்கார்ந்து ரேகை பார்க்கிறார். முதல் முடிவு தெரியாமல் சரிபார்க்க அவர் எங்கே போய் இன்னொருவரைத் தேடுவார்? இங்கிலாந்தில் தடயவியல் ஒழுங்குமுறையாளருக்குச் சட்டப்படியான அதிகாரம் கொடுத்து, 2023 அக்டோபரிலிருந்து அவருடைய விதித் தொகுப்பை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே தேசியத் தடயவியல் ஆணையம் என்று ஒன்றை 2013-ல் அமைத்தார்கள், 2017-ல் அதன் காலம் முடிந்ததும் நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் எழுதிய ஸ்டாண்டர்டு யாரும் திறக்காத ஃபைலாகக் கிடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இது சோர்வில் சொல்வதில்லை, உண்மையாகவே பயம்.

அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து உன்னைப் போன்றவர்கள்தான். வக்கீல் கேட்டால் நீதிபதி கேட்பார், நீதிபதி கேட்டால் லேப் மாறும். ஊரில் உங்களுக்கு இன்னும் கஷ்டம் என்று தெரியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 329, கைரேகைப் பிரிவு இயக்குநரின் ரிப்போர்ட்டை அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாக எடுத்துக்கொள்ள வழி விடுகிறது. ஆனால் கோர்ட் நினைத்தால் அழைத்து விசாரிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறதே! அந்த மனுவைப் போடு. ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்று புதுச் சட்டம் கொண்டுவந்திருப்பதால், இனி உன் மேசைக்கு வரும் ரிப்போர்ட்டுகள் கூடத்தான் போகின்றன. இப்போதே கேட்டுப் பழக்கப்படுத்தாவிட்டால் பிறகு ஒரு பக்கமே வழக்கமாகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கட்சிக்காரர் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. ரேகை அவருடையதாகவே இருக்கலாம். ஒழுங்காகப் பார்த்தும் அதே முடிவு வந்தால், அதை நீயும் மதிக்கத்தான் வேண்டும். எனக்கு வேண்டியது ஒழுங்காகப் பார்ப்பது மட்டும்தான், அது யாருக்குச் சாதகமாக வந்தாலும் சரி.

அந்த ரிப்போர்ட்டில் பெயர்களையெல்லாம் மறைத்துவிட்டு ஸ்கேன் செய்து அனுப்பு. ரேகைப் படம் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பு. நான் கருத்துச் சொல்லமாட்டேன், அது முறையில்லை. ஆனால் என்னென்ன கேட்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன். வாய்தா என்றைக்கு என்பதையும் எழுது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததும் போன் பண்ணு, இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், ராஜாராம் சார் நம்பர்!

அன்புடன்,
வசந்தா