சேலத்தில் டாட்டூ கடை வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அஞ்சு ரோடு பக்கம் நீ போட்டிருக்கும் கடைக்கு வந்து பார்த்தேன். ஆளுக்கு ஆள் புது ஊசி பிரிக்கிறாய், கையுறை மாற்றுகிறாய், மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் சுவரில் 'டாட்டூ வரலாறு' என்று 1891இலிருந்து தொடங்கி ஒட்டியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ எழுதியிருப்பது தப்பில்லை. 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சார மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனா, காகிதத்தில் ஓட்டை போட்டு நகலெடுக்கத்தான் வந்தது, அதைத் தோலுக்குத் திருப்பியவர் ஓ'ரெய்லி. பெரிய வேலைதான். சரி, அதற்கு முன்னால்? ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த ஓட்சி என்கிற பழங்கால மனிதனின் உடம்பிலேயே பச்சை குத்திய 61 குறிகள் இருக்கின்றன, அவன் செத்து சுமார் 5,300 வருஷம் ஆகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நின்று பாட்டிகளின் முன்கையைப் பார், கோலப்புள்ளி, தேள், பேர் எழுத்து என்று எத்தனை இருக்கிறது!

அதையெல்லாம் குத்தியவர்கள் ஊர் ஊராக வந்த குறத்திகள். மஞ்சள் பொடியையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிய விட்டு, மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். சேர்த்துக் கட்டிய சில ஊசிகள்தான் கருவி. குத்தக் குத்தப் பாட்டும் பாடுவார்கள், வலி தெரியக் கூடாது என்று. தோலுக்கு அடியில் இருப்பதால் அந்தக் கருப்பு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது.

கூலி காசாகவும் அரிசியாகவும் வரும். மை தயாரிக்கத் தெரிந்து, மாதிரிகளை மனப்பாடமாக வைத்திருந்து, கூலி வாங்கிச் செய்தால் அது தொழில்தானே? கடைப்பலகையும் காப்புரிமையும் இல்லாததால் அந்தப் பெண்களில் ஒருவர் பேர்கூட உன் சுவருக்கு வரவில்லை. எனக்குக் கஷ்டமாக இருப்பது அதுதான். ஜப்பான் டிராகனும் நியூசிலாந்து மாவோரிகளின் சுருளும் உன் ஆல்பத்தில் இருக்கின்றன, வாசலில் போடுகிற கோலம் இல்லை.

குறை சொல்லி விட்டுப் போக எழுதவில்லை. அம்மாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, கையில் இருப்பதைப் புள்ளி பிசகாமல் டிரேஸ் எடுப்போம். அந்தத் தலைமுறை போய்விட்டால் மாதிரிகளும் போய்விடும். ஆல்பத்தில் போடும்போது 'குறத்திகள் குத்திய மாதிரி' என்று எழுது. அப்புறம் அதே கோலத்தை ஒரு காலேஜ் பெண் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு லீவு விட முடியுமா? முடியும் என்றால் டிரேஸிங் பேப்பர் நிறைய எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா