கணக்கு வாத்தியார் வண்டி பாஸ்!

அன்புள்ள குண்டு,

தீபாவளிக்குப் பேசியதோடு சரி, நான் இருக்கேனா போய்ச் சேர்ந்தேனா என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கணக்கு நேராகிவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். விஷயத்துக்கு வருகிறேன்: நம் கணக்கு வாத்தியாரின் மாருதி 800 நேற்று எஃப்.சி. (தகுதி ஆய்வு) பாஸாகிவிட்டது. ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் 5 வருடத்துக்குச் செல்லும்.

முடிச்சூர் தண்ணீரில் முங்கிய அதே 1998 மாடல்தான். 2015 வெள்ளத்தில் சார் முன்னாடியே அதை மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகர்த்த சார் உயிரோடு இல்லை. ஸ்டியரிங் வரை தண்ணீர். சாரின் பையன் போனில் "காயலான் கடைக்குப் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டான். சாரின் மனைவி டீச்சரம்மாவுக்கு மனசு வரவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள்.

நல்லவேளை, யாரும் சாவியைத் திருகிப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். மெக்கானிக் பாய் முதலில் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, உள்ளே எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, அப்புறம் எஞ்சினைக் கையால் சுற்றி எல்லாத் தண்ணீரையும் துப்ப வைத்தார். ஆயில் வெளுத்துப்போய் வந்தது. மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி மாற்றினார். கதவுக்குள் சேறு. பிரேக் டிரம் நான்கும் ஜாம்... இல்லை இல்லை, பின்பக்கம் இரண்டு. முன்பக்கம் டிஸ்க், அதையும் டிரம் என்று சொன்னால் பாய் அடிக்க வருவார். வீல் சிலிண்டருக்காகப் புதுப்பேட்டையில் சந்து சந்தாக அலைந்தேன்.

வேளச்சேரியில் நின்ற சகலையின் புதுக் கார் அதே மழையில்தான் போனது. ஈ.சி.யூ. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், சென்சார், ஏர்பேக் வயரிங் எல்லாம் சேர்ந்து ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டார்கள். நம் வண்டியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர். இதைச் சொன்னதிலிருந்து சகலை என்னோடு பேசுவதில்லை. அது ஒரு லாபம்.

ஆனால் ஆய்வு அன்று எனக்கு உயிரே போனது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, வண்டி உடம்பில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரில் ஓர் எண் 3-ஆ 8-ஆ என்றார். துருவில் எனக்கும் தெரியவில்லை. "வெள்ளத்தில் போன வண்டியா?" என்று ஒரு பார்வை பார்த்தார் பார், நானே எங்கேயோ திருடிக்கொண்டு வந்த மாதிரி. எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்புறம் பாய்தான் விளக்கினார். நாசமான வண்டியை ஆர்.சி.க்காகவே வாங்கி, அந்த நம்பரைத் திருட்டு வண்டியில் பஞ்ச் அடித்து விற்கிற கூட்டம் இருக்கிறதாம். அப்படியானால் அவர் கேட்டது நியாயம்தான். கிரைண்டர் வைத்தால் திருத்தியது போலாகிவிடும் என்று மண்ணெண்ணெயும் பஞ்சுமாகத் துடைத்து, பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். 8 எழுந்து வந்தது! அடுத்த முறை போனபோது லைட், ஹார்ன், ஹேண்ட் பிரேக் எல்லாம் சரி. வைப்பர் மட்டும் பாதியில் நின்று யோசித்துவிட்டு ஓடியது. போர்டு முன்னால் நம் சார் நிற்பாரே, அதே தோரணை.

செலவைக் கேட்காதே. 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் அப்புறம் 5,000 ஆகி, 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. ஆர்.சி. காலாவதியான மாதத்திலிருந்து மாதத்துக்கு 500 அபராதம். பசுமை வரி தனி. சார் பேரிலிருந்து டீச்சரம்மா பேருக்குப் படிவம் 31, அங்கிருந்து என் பேருக்கு 29, 30. வீட்டில் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தாயோ, ஊட்டி எக்ஸ்கர்ஷன் கதை உன் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

வண்டியை டீச்சரம்மா வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு ரவுண்டு போகலாம் வாங்க என்றேன். வெளியே வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். "இன்னொரு நாள்ப்பா" என்று உள்ளே போய்விட்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. நீ ஊருக்கு வரும்போது கூப்பிட்டுப் பார், உன் பேச்சைக் கேட்பார்கள்.

இப்போது எனக்கிருக்கும் ஒரே கவலை பெட்ரோல். பங்கில் 20 சதவீத எத்தனால் கலந்து ஊற்றுகிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் ஃப்யூவல் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலுக்கு ஊறிக் கெட்டுவிடும் என்கிறார் பாய். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று ராத்திரி தூக்கமில்லை. உன் கம்பெனியில் ரப்பர் சாமான் பார்க்கிறவனிடம் எத்தனால் தாங்கும் ஹோஸ் 2 மீட்டர் வாங்கி கூரியரில் போடு. ஓட்டை அளவை பாயிடம் கேட்டு அனுப்புகிறேன். பணம் ஜிபே செய்கிறேன், நீ எனக்குத் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு.

உன்
ஒட்டடைக்குச்சி