மார்னரைத் திட்டுவதை விடுவோம், முகாமையாளரைக் கேட்போம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் மிச் மார்னரைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். மார்க்கம் நகரில் பிறந்த பெடியன், வளர்த்துவிட்ட ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியைக் காசுக்காக விட்டுவிட்டு லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டான் என்பது அவருடைய கோபம். 2025 கோடையிலிருந்து கோயில் திருவிழாவிலும் பிறந்தநாள் வீட்டிலும் வேலையிடத்திலும் இதையேதான் கேட்கிறேன். ஆனால் 'நன்றி கெட்டவன்' என்ற சொல்லை அச்சில் பார்த்தபோது பொறுக்கவில்லை. என் தமக்கையின் மகன் மார்னரின் 16ஆம் இலக்க ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் பந்து அடிக்கிற பிள்ளை. அதைக் கழற்றிக் குப்பையில் போடு என்று வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் அவனிடம் சொன்னார்கள். பகிடியாகச் சொல்லவில்லை. பிள்ளை அழுதுவிட்டான்.

நான் ஸ்காபரோவில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். சம்பள ஒப்பந்தம் எப்படிப் பேசப்படுகிறது, எந்த நிபந்தனையை எந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால் பிறகு எங்கே இடிக்கும் என்பதெல்லாம் மேசையில் இருந்து பழகியவள். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கதையில் பிழை விட்டவர் விளையாட்டு வீரர் இல்லை.

முதலில் இந்தச் சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் பலர் அதை ஏதோ இயற்கையின் விதி போலப் பேசுகிறார்கள். 2004-05 பருவம் முழுவதும் இந்த அணிகள் ஆடுகிற ஹொக்கி லீக்கான என்.எச்.எல். நடக்கவே இல்லை. அணி உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தார்கள். வீரர்களின் சங்கம் உச்சவரம்பே வேண்டாம் என்று நின்றது. ஒரு வருடச் சம்பளத்தை இழந்த பிறகு சங்கம் பணிந்தது. முதல் வருடம் ஓர் அணிக்கு 39 மில்லியன் டொலர் என்று வரம்பு போட்டார்கள். 2013இலிருந்து லீக்கின் வருமானம் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் சரி பாதி. வீரர்களின் பங்கு பாதியைத் தாண்டினால், அவர்களுடைய சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த பணத்தில் கழித்து உரிமையாளர்களுக்குக் கொடுப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2020-21இல் அப்படிப் பிடித்தது 20 வீதம். ஆக, மார்னர் இரண்டு மில்லியன் குறைத்து வாங்கியிருந்தாலும் வீரர்களுக்குப் போகிற மொத்தப் பங்கு மாறியிருக்காது. அணிக்கு இன்னொரு ஆளை எடுக்க இடம் கிடைத்திருக்கும், அது உண்மை. ஆனால் அந்த இடத்தை உண்டாக்குவது வீரரின் வேலையா, அதற்கென்றே சம்பளம் வாங்குகிற பொது முகாமையாளரின் வேலையா?

இனி நடந்தவற்றை ஒழுங்காகப் பார்ப்போம். ஒழுங்குதான் இங்கே முக்கியம்.

2018 யூலை முதலாம் தேதி அப்போதைய பொது முகாமையாளர் கைல் டூபாஸ் ஜோன் தவாரெஸை வேறு அணியிலிருந்து கொண்டுவந்தார். ஏழு வருடம், 77 மில்லியன், வருடத்துக்கு 11. மிசிசாகாவில் பிறந்தவர், சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் தூங்கிய படம் ஊரெல்லாம் சுற்றியது. எல்லோருக்கும் சந்தோசம், எனக்கும்தான். ஆனால் அப்போது அணியின் இளம் நட்சத்திரங்களான மத்தியூஸ், மார்னர், நீலாண்டர் மூவருக்கும் அடுத்த ஒப்பந்தம் எழுதவில்லை. வெளியிலிருந்து வந்தவருக்கு 11 என்று ஆனபின், உள்ளே இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தானே கேட்பார்கள்? எங்கள் தொழிற்சாலையில் புதிதாக வந்தவருக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் எழுதிவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தை அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். நீலாண்டர், அந்தப் பருவத்தில் ஆடுவதற்கான டிசம்பர் முதலாம் தேதிக் கெடு முடிய ஒருசில நிமிடம் இருக்கும்வரை கையெழுத்து வைக்காமல் நின்றார். மத்தியூஸ் 2019 பெப்ரவரியில் வருடத்துக்கு 11.634 மில்லியனுக்கு வைத்தார், அதுவும் ஐந்தே வருடத்துக்கு. எட்டு வருடம் எழுத அனுமதி இருந்தது. அவ்வளவு பெரிய தொகைக்கு ஐந்து வருடம் மட்டும் வாங்குவது என்றால், விலையையும் கொடுத்துக் காலத்தையும் கொடுத்தது போல.

அப்புறம் மார்னர். 2019 செப்டம்பர் 13ஆம் தேதி, ஆறு வருடம், வருடத்துக்கு 10.893 மில்லியன். அதே மாதம் பத்து நாள் கழித்துத் தம்பா பே அணி பிரேடன் பொயின்றை மூன்று வருடத்துக்கு, வருடம் 6.75 மில்லியனுக்கு எழுதியது. அதற்கும் சில நாள் கழித்துக் கொலராடோ மிக்கோ ரன்ரனனை வருடம் 9.25 மில்லியனுக்கு எழுதியது. மூவரும் ஒரே வயதை ஒட்டியவர்கள், ஒரே தரத்தவர்கள், ஒரே ஒப்பந்த நிலையில் இருந்தவர்கள். மற்ற முகாமையாளர்கள் பொறுத்திருந்தார்கள். எங்களுடையவர் முதலில் பேனாவை எடுத்தார். இருபத்திரண்டு வயதுப் பெடியனும் அவனுடைய முகவரும் கேட்ட தொகை கிடைத்தால் வாங்கத்தான் செய்வார்கள். நானும் என் ஆட்களுக்கு வாங்கித்தான் கொடுப்பேன்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் இடைவேளை அறையின் வெண்பலகையில் யாரோ அந்த நாலு பேரின் வருடச் சம்பளத்தை மில்லியனில் எழுதி வைத்தார்கள்: 11, 11.634, 10.893, நீலாண்டரின் 6.962. கீழே கோடு போட்டு 40.489. அந்த வருட உச்சவரம்பு 81.5. கோட்டுக்குக் கீழே 'மிச்சம் 19 பேர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பாதிப் பணம் நாலு பேருக்கு, மறு பாதியில் பின்வரிசைக்காரர், கோல்காப்பாளர்கள் உட்பட மற்ற எல்லோரும். மாதக்கணக்காக அதை யாரும் அழிக்கவில்லை. கலியாணத்துக்கு மண்டபத்துக்கும் நகைக்கும் பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, வந்த சனத்துக்குச் சாப்பாடு எங்கே என்று யோசிக்கிற நிலை அது.

பணம் இல்லாமல் போனபோது யாரை இழந்தோம் என்பதைத்தான் மார்னரைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூத்த வீரர் பற்றிக் மார்லோவின் 6.25 மில்லியனை இறக்கி வைப்பதற்காக மட்டும் 2019 யூனில் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தெரிவை (புது இளம் வீரர் ஒருவரைத் தெரிவுசெய்யும் உரிமையை) கரோலினாவுக்குச் சேர்த்துக் கொடுத்தார் டூபாஸ். அந்தத் தெரிவில் கரோலினா எடுத்தது சேத் ஜார்விஸை. (மார்லோவின் ஒப்பந்தம் டூபாஸுக்கு முன் முகாமையாளராக இருந்த லூ லாமொரியெல்லோ எழுதியது, டூபாஸ் எழுதியதல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.) அடுத்த மாதம் நசீம் காட்ரி போனார். 4.5 மில்லியனுக்கு மூன்றாவது வரிசையின் சென்ரர் (நடு முன்வரிசை வீரர்), இன்னும் மூன்று வருட ஒப்பந்தத்தோடு. பொஸ்ரனுக்கு எதிராக இரண்டு வருடம் தொடர்ந்து பிளேஓஃபில் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் சுற்றுகளில்) தடை வாங்கினார், அதில் எனக்கும் கோபம் இருந்தது. ஆனால் அந்த விலைக்கு அப்படி ஓர் ஆள் மறுபடி கிடைக்கமாட்டார். அவருக்குப் பதிலாக வந்த டைசன் பாரி ஒரே பருவத்தில் போய்விட்டார். காட்ரி 2022இல் கொலராடோவோடு லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் தூக்கினார். இறுதித் தொடரின் நாலாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் அவர் அடித்த கோலை எழும்பி நின்று பார்த்தேன். சந்தோசமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

சக் ஹைமனை நினைத்தால் இன்னும் மோசம். ரொறன்ரோவிலேயே பிறந்தவர், மூலைக்கு மூலை ஓடிப் பக் எடுத்துக் கொடுத்தவர். 2021 கோடையில் எட்மன்ரன் 5.5 மில்லியனுக்கு எடுத்துக்கொண்டது. 2023-24இல் 54 கோல் அடித்தார். அவர் போனது, மொன்றியாலிடம் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்ற அதே 2021 கோடையில். 'நல்லூர் தேர் மாதிரி, இழுக்கிறவன் பெயர் யாருக்கும் தெரியாது' என்று என் வேலை நண்பர் ஒருவர் ஹைமனைப் பற்றிச் சொல்வார். அவர் சொன்னது சரி.

டூபாஸுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் உலகமே நின்றுபோகும் என்று 2019இல் யாருக்கும் தெரியாது. உச்சவரம்பு வருடா வருடம் ஏறும், நாலு பேரின் சம்பளமும் சிறிதாகத் தெரியும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருப்பார். அது 81.5இலேயே மூன்று பருவம் நின்றது, பிறகும் இரண்டு பருவத்துக்கு ஒவ்வொரு மில்லியனாகத்தான் ஏறியது. சரி, அது அவருடைய துரதிர்ஷ்டம். ஆனால் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் நாலு பேரில் ஒருவரைக்கூட வேறு அணிக்கு மாற்றவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஓரத்தில் இருந்தவர்களைத்தான் மாற்றினார்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய பிழை 2023இல் நடந்தது. அந்த வசந்தத்தில் தம்பாவை வென்று, 2004க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சுற்றைத் தாண்டினோம். அடுத்த சுற்றில் புளோரிடா ஐந்து ஆட்டத்தில் முடித்துவிட்டது. மார்னரின் ஒப்பந்தத்தில், அவருடைய சம்மதம் இல்லாமல் எங்கும் மாற்றமுடியாது என்ற நிபந்தனை யூலை முதலாம் தேதி தொடங்க இருந்தது. அதற்கு முன் கிடைத்த கடைசிச் சில வாரங்களில், அணியின் தலைவர் பிரெண்டன் ஷனஹன் மே 19ஆம் தேதி டூபாஸை வீட்டுக்கு அனுப்பினார். மாத முடிவில் பிராட் ட்ரெலிவிங் புது முகாமையாளராக வந்தார். புதிதாக வந்தவர் வீட்டுச் சாவி எது என்று தேடுவதற்குள் யூலை பிறந்துவிட்டது. மார்னரை வைத்திருப்பதா, நல்ல விலைக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அன்றோடு நிர்வாகத்தின் கையைவிட்டு அவர் கைக்குப் போனது. அதை அவர் திருடவில்லை. 2019இல் எழுதிக் கொடுத்தது.

பிறகு 2025 மார்ச்சில் மார்னரைக் கொடுத்து ரன்ரனனை எடுக்க முயன்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை என்று செய்தி வந்தது. இதைத்தான் எங்கள் ஆட்கள் துரோகம் என்கிறார்கள். மனைவிக்குக் குழந்தை பிறக்கவிருந்த நேரத்தில், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கொடுத்த உரிமையை ஒருவர் பயன்படுத்தினால் அது துரோகமா? எங்கள் தமிழ்த் தொழிலாளர்களில் எத்தனை பேர் சீனியோரிற்றி உரிமையைச் சொல்லி இரவு ஷிப்டை மறுத்திருக்கிறார்கள்! அப்போது அவர்களுக்காக வாதாடினேன். மில்லியன் வாங்குகிறவர் என்பதற்காக நியாயம் மாறாது.

2025 மே 18ஆம் தேதி புளோரிடாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றபோது எனக்கும் வலித்தது. முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டு அப்படித் தோற்றோம். கடைசி ஆட்டங்களில் மார்னர் சோபிக்கவில்லை என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பருவத்தில், அடித்த கோலும் அடிக்க உதவிய கோலும் சேர்த்து 102 புள்ளி எடுத்தவர் அவர். அவரைக் கடைசியில் கையெழுத்து வைக்கச் செய்து வேகாஸுக்கு அனுப்பியதில் எங்களுக்குக் கிடைத்தது நிக்கொலா றோய் ஒருவர்தான். வேகாஸ் கொடுத்தது வருடத்துக்கு 12 மில்லியன், எட்டு வருடம். 2023 யூனில் அவரைக் கொடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வாதம் வரி. புளோரிடாவில் மாநில வருமானவரி இல்லை, அதனால்தான் அங்குள்ள பந்தர்ஸ் அணி எல்லோரையும் மலிவாக எடுக்கிறது என்கிறார்கள். 2025 கோடையில் தங்கள் வீரர்களான எக்பிளாட்டை 6.1 மில்லியனுக்கும் மார்ச்சண்டை 5.25 மில்லியனுக்கும் எழுதியதைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1996க்கும் 2022க்கும் இடையில் அந்த அணி ஒரு பிளேஓஃப் சுற்றுக்கூட வெல்லவில்லை. அந்த இருபத்தைந்து வருடமும் வரி இல்லாமல்தான் இருந்தது. மாறியது நிர்வாகம்.

தவாரெஸ் 2025இல் வருடத்துக்கு 4.38 மில்லியனுக்கு நாலு வருடம் எழுதினார். பாருங்கள், இவர்தான் விசுவாசி என்று மார்னருக்கு எதிராக அவரை நிறுத்துகிறார்கள். தவாரெஸை நானும் மதிக்கிறேன். அப்போது அவருக்கு வயது 34, எழுபத்தேழு மில்லியனை வாங்கி முடித்தவர். மார்னருக்கு அப்போது 28. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது முறையில்லை.

ஆசிரியரே, உச்சவரம்பு 2025-26 பருவத்துக்கு 95.5 மில்லியன், அதற்கடுத்து 104, பிறகு 113.5 என்று அறிவித்திருக்கிறார்கள். பணம் இல்லை என்ற சாட்டு இனி முகாமையாளருக்கு இல்லை. மத்தியூஸின் 13.25 மில்லியன் ஒப்பந்தம் 2028 கோடையில் முடிகிறது. 2027 யூலையிலிருந்து புதிது எழுதலாம். அவரை யாரும் அப்போது திட்டத் தொடங்குவதற்கு முன், முகாமையாளர் என்ன செய்யப்போகிறார் என்று இப்போதே கேட்கவேண்டும். ஒவ்வொரு வீரரின் சம்பளம், ஒப்பந்தம் முடியும் வருடம், மாற்றத் தடை உண்டா இல்லையா என்ற விவரத்தை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஓர் அட்டவணையாகப் போடமுடியுமா? அடுத்த பருவம் தொடங்குவதற்கு முதல் இதழில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ.